அருந்ததிக்கு அயலில் ஒரு காந்த நட்சத்திரம்

மணமகளுக்கு அருந்ததி காட்டும் வழக்கத்தை நாம் யாவரும் அறிவோம். சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவே, வசிட்டருக்கு அருகில் மங்கலாகத் தெரிவதே அருந்ததி. வைகாசி மாதத்து முன்னிரவில் யாழ்ப்பாணத்து முற்றமொன்றில் வடக்கு நோக்கி நின்று அதனைக் கண்டபின், பார்வையைத் தலையுச்சிப் பக்கமாக உயர்த்தினால், தனித்து ஒளிரும் நட்சத்திரமொன்றைக் காணலாம். மேலைநாட்டார் அதனைக் கோர் கரோலி என்பர். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் அது இரட்டை. அவற்றுள் ஒளி மிக்கதே நாம் இங்குக் கூறப்புகும் விந்தை நட்சத்திரம்.

நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாக விரித்து, இடையே காணப்படும் கருங்கோடுகளைக் கொண்டு அதிலுள்ள மூலகங்களை அறிவர். ஞாயிற்றில் மிக அருகியுள்ள யூரோப்பியம் முதலியவற்றின் கோடுகள் இந்நட்சத்திரத்தில் மிகுந்து தோன்றுகின்றன. அன்றியும், அவை 5.47 நாளுக்கு ஒருமுறை வலுத்தும் மெலிந்தும் வருகின்றன.

காந்தம் ஒளிக்கோட்டைப் பிளக்கும் என்பதை 1896 இல் ஒல்லாந்து விஞ்ஞானி சீமன் கண்டார். அவ்வழியைக் கைக்கொண்டு, 1946 இல் அமெரிக்க வானியலாளர் பாப்கொக் இவ்வினத்து நட்சத்திரமொன்றிற் காந்தம் உண்டென நிறுவினார். பின்னர், வேறு சிலவற்றில் காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் சில நாட்களுக்குள் மாறிமாறித் தோன்றின. ஞாயிற்றினும் பெரியதொரு கோளத்தின் காந்தம் அத்துணை விரைவிலே தலைகீழாவது எங்ஙனம்?

விடையின் சாயல் நம் ஊரிலேயே உண்டு. தடையின்றிச் சாயுமாறு தொங்கவிட்ட காந்த ஊசியின் வடமுனை இலண்டனில் ஏறக்குறைய 66 பாகை நிலத்தை நோக்கிச் சரியும். யாழ்ப்பாணத்திலோ ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். காந்த மத்தியகோடு நமக்கு அண்மையிற் செல்வதே காரணம். 1963 இல் முதல் ஆய்வு ரொக்கெற் ஏவப்பட்ட கேரளத்துத் தும்பா, அக்கோட்டின் அண்மை கருதியே தெரிவு செய்யப்பட்டது. ஆயின் புவியின் மத்தியகோடு நமக்குத் தெற்கே ஏறக்குறைய 10 பாகை தொலைவில் உள்ளது. இரு கோடுகளும் பிரிந்து நிற்பது, பூமியின் காந்த அச்சு சுழலச்சுக்குச் சாய்ந்திருப்பதனாலன்றோ?

அந்நட்சத்திரங்களிலும் இச்சாய்வே உண்டு. அது மிகப் பெரிது என 1950 இல் அவுஸ்திரேலிய வானியலாளர் ஸ்திப்ஸ் கணித்துக் காட்டினார். பனம்பழத்தின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டும் மறுபக்கத்தில் குங்குமப் பொட்டும் இட்டு, காம்பைப் பற்றிச் சுழற்றினால், வெண்மையும் செம்மையும் மாறிமாறித் தோன்றும். பொட்டு நிறம் மாறுவதில்லை, பழமே சுழல்கிறது. மூலகங்களும் மேற்பரப்பிற் திட்டுத்திட்டாகப் பரந்திருப்பதால், அவற்றின் கோடுகளும் சுழற்சியோடு வலுத்து மெலிகின்றன.

பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தோன்றும் நட்சத்திரத்திற்குப் படம் வரைவது எவ்வாறு? காந்தமும் மூலகங்களும் இவ்வாறு பரந்திருக்கலாம் என ஒரு மாதிரியை முதலிற் கற்பிப்பர். அது சுழலும்போது எத்தகைய நிறமாலை தோன்றும் எனக் கணித்து, உண்மை ஒளியோடு ஒப்பிட்டு, பொருந்தும்வரை திருத்துவர். பல படங்கள் பொருந்துமாயின், அவற்றுள் எளியதையே கொள்வர். ஒளி அதிரும் திசைகளையும் அளந்து, 2010 இல் கொச்சுகொவ், வேட் என்னும் இருவர் கோர் கரோலிக்கு அவ்வாறு வரைந்தனர். பெரும்போக்கில் அது ஸ்திப்ஸ் கருதியது போன்ற இருமுனைக் காந்தமே. ஆயின் நுணுகி நோக்குங்கால், அவர் எண்ணியிராத சிறு வலுத்த திட்டுக்களும் வெளிப்பட்டன.

இதனால் 1950 இன் மாதிரி பொய்யாகிவிடவில்லை. எளிய மாதிரியொன்று முன்னே இருந்தமையாலன்றோ, அதனோடு பொருந்தாத மிச்சம் எதுவெனப் பின்னோர் காண முடிந்தது? கணிதம் பயிலும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.