சுவரில் சலாகை அடிக்கும் முன்

வீட்டின் முன் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் ஒடுங்கிய மரச் சலாகைகளை நிமிர்த்தி, ஒரே இடைவெளியில் அடித்து அழகுபடுத்துவது கொழும்புத் தொடர்மாடிகளில் பிரபலம். வங்காலை, பேசாலைப் பக்கத்திலும் இதைப்பற்றி என்னிடம் கேட்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பனஞ்சலாகை மறைப்பும் மட்டை வேலியும் கண்டு வளர்ந்த நமக்கு இது அப்படியொன்றும் புதினமல்ல.

ஆடம்பரம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. 2007 செப்டெம்பரில் முசலிக் கரையோரத்தை விட்டு எழும்பியவர்கள் திரும்பி வந்தபோது பல வீடுகளில் நிலையும் இல்லை, யன்னலும் இல்லை. 2012 இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் வடக்கில் ஒரு குடும்பத்திற்கு ஐந்தரை இலட்சம் ரூபா தந்தது. அந்தக் காசில் உட்சுவர் பூச்சு முடியாமல் நின்ற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். கணவனை இழந்த ஒரு தாய், "சுவர் வெறும் கல்லாத் தெரியுது, பிள்ளையைப் பாக்க வாறவை என்ன நினைப்பினம்?" என்று கேட்டால் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடன் வாங்கிச் செய்வதைத்தான் வேண்டாம் என்பேன். வறட்சி கண்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்ததே!

முதலில் சுவரைப் பாருங்கள். அடியில் உவர் பூத்து ஈரம் ஏறியிருந்தால் மரத்தால் மூடக்கூடாது. மறைவில் கறையான் குடியேறும். சலாகையின் அடி நிலத்தில் முட்டாமல் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.

கணக்கையும் நீங்களே போடலாம். பத்தடி அகலச் சுவர் என்றால் 120 அங்குலம். இரண்டு அங்குலச் சலாகைக்கு இரண்டு அங்குல இடைவெளி விட்டால் 30 சலாகை. எட்டடி உயரத்திற்கு மொத்தம் 240 அடி மரம் வேண்டும். இடுப்பளவு, நாலடிக்கு மட்டும் அடித்தால் 120 அடி போதும். குறுக்குச் சலாகைகளுக்கு இதைவிடத் தனியாக வேண்டும். நாலடி வேலையே எனக்குப் பிடித்தது. மேலே வெள்ளை பூசினால் அறையும் வெளிச்சமாக இருக்கும்.

பனையானால் வைரம் பாய்ந்த வெளிப்பகுதியையே கேளுங்கள். உள்ளே உள்ளது மென்மையானது, நிற்காது. பெண்பனையை அனுமதியில்லாமல் தறிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கப்பலில் சாமான் வந்த பலகைத் தட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் 'எம்.பி.' என்ற ஆங்கில எழுத்துக் குத்தியிருந்தால் நச்சுப்புகை போட்ட மரம், வீட்டுக்குள் வேண்டாம். 'எச்.ரீ.' என்றால் சூடாக்கியது.

சீமெந்துக் கல்லில் வெறும் ஆணி பிடிக்காது. துளையிட்டு, பிளாஸ்ரிக் செருகி, குறுக்குச் சலாகைகளைத் திருகாணியால் இறுக்கிய பிறகுதான் நிமிர்ந்தவற்றை அடிக்க வேண்டும். நமது கடற்காற்றுக்கு இரும்பாணி சீக்கிரம் துருப்பிடித்து மரத்தில் கறை வடியும். நாகம் பூசியதோ பித்தளையோ வாங்குங்கள். இடைவெளிக்கு அளவாக ஒரு துண்டு மரத்தை வைத்துக்கொண்டு, ஐந்து சலாகைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கவும். மயிரிழைப் பிசகும் முப்பதாவதில் கண்ணைக் குத்தும்.

காற்றோடு வரும் மணல் இடைவெளியில் தங்கும். இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

வங்காலையில் ஓர் அக்கா வேறுவிதமாக யோசித்தார். அவருக்குக் குமர்ப்பிள்ளைகள் இருவர், வீட்டில் ஒரே அறை. ஆண் உறவினர் வந்து தங்கும் இரவுகளில் அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டை மாற்றவும் மறைவில்லை. அவர் சலாகைகளைச் சுவரில் அடிக்கவில்லை. முன் அறையின் ஒரு மூலையில் தடுப்பாக நிறுத்தி, உட்புறம் பனையோலைப் பாய் கட்டினார். காற்றும் வருகிறது, மறைவும் இருக்கிறது. தச்சருக்கு இரண்டு நாட் கூலி. வாசலில் இப்போதைக்குச் சேலை தொங்குகிறது. சீட்டு விழுந்தால் கதவு போடுவாராம்.