பெட்டைக் குரலில் ஒரு வேட்டை

அமெரிக்காவில் அலாஸ்கா நீங்கலாக 49 மாநிலங்களில் காட்டு வான்கோழியை வேட்டையாட அனுமதி உண்டு. இலையுதிர் காலத்திலும் பல மாநிலங்கள் அனுமதி தருகின்றன. ஆனால் வேட்டைக்காரர்கள் ஆண்டெல்லாம் காத்திருப்பது வசந்தகால வேட்டைக்குத்தான். ஃபுளோரிடாவில் மார்ச் மாதம் தொடங்கும் இந்தப் பருவம் வடக்கு மாநிலங்களில் மே கடைசி வரை நீளும். இது சேவலுக்கான வேட்டை. சட்டத்தின் சொல்லில் ‘தாடியுள்ள பறவை’. சேவலின் நெஞ்சிலிருந்து மயிர்க்கற்றை போலத் தொங்கும் இறகுக் கொத்தே அந்தத் தாடி. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அதனால் பெட்டைகள் பெரும்பாலும் இணைசேர்ந்து முடித்த பிறகு சில சேவல்களைச் சுட்டாலும் அடுத்த ஈட்டுக்குக் குறை வராது என்பது அதிகாரிகளின் கணக்கு. அது எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. தென்கிழக்கில் சில மாநிலங்களில் பறவைகள் குறையத் தொடங்கியதால் 2023இல் டென்னசி மாநிலம் பருவத் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தது.

வேட்டைக்குச் சட்டத் தடை இருக்கும் இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு இன்னொரு சங்கதி விசித்திரமாகப் படலாம். இந்தப் பறவை இன்று காட்டில் திரிவதற்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த பணமும் ஒரு காரணம். அவர்களுடைய முன்னோர்களின் கட்டுப்பாடற்ற வேட்டையும் காடழிப்பும் சேர்ந்துதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இதைப் பூண்டோடு ஒழித்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வன உயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் 1937இல் வந்தது. முதலில் பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாயோடு திரிந்து பயம் கற்காத அவை தாக்குப்பிடிக்கவில்லை. 1950களில் கைகொடுத்தது வேறு வழி. சோளம் தூவிக் காட்டுக் கூட்டத்தை வரவழைத்து, சிறு பீரங்கியால் அதன்மேல் வலையை வீசிப் பிடித்து, வான்கோழி இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று நாடு முழுதும் ஏறத்தாழ 60 லட்சம் பறவைகள் இருக்கின்றன.

பண்ணையில் நகர முடியாமல் பருத்துக் கிடக்கும் வான்கோழியை வைத்துக் காட்டு வான்கோழியை எடைபோடக் கூடாது. வளர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இரவில் உயரமான மரத்தில் அடையும். மோப்பம் அநேகமாகக் கிடையாது, ஆனால் கண் மகா கூர்மை. தலையை லேசாகத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். எனவே முகம், கை உட்பட உடல் முழுவதும் இலைதழை நிறத்தில் மறைத்துக்கொண்டு அசையாமல் உட்காரத் தெரிந்தவருக்கே இந்த வேட்டை.

வேலை முந்தின நாள் அந்தியிலேயே தொடங்கிவிடும். சேவல் எந்த மரத்தில் அடைகிறது என்று காதால் தேடிக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன் அந்த மரத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் போய் உட்கார வேண்டும். அதைவிட நெருங்கினால் மரத்தின் மேலிருந்தே பார்த்துவிட்டு மறுபக்கம் பறந்துவிடும். இடம் சரியாகத் தெரியாதபோது ஆந்தை போல வாயால் அலறிப் பார்ப்பார்கள். வசந்தகாலச் சேவலுக்குத் திடீர்ச் சத்தம் எதைக் கேட்டாலும் பதில் கொடுக்காமல் இருக்க முடியாது. காகம், இடி, அறைந்து சாத்திய கார்க் கதவு என எல்லாவற்றுக்கும் கடகடவென்று கொக்கரிக்கும். இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இயற்கையில் சேவல் கூப்பிட, பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் இந்த முறையைத் தலைகீழாக்கிச் சேவலை நடக்கவைக்க வேண்டும். கஷ்டம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பெட்டையின் குரலை எழுப்பக் கருவிகள் உண்டு. சாக்பீஸ் தடவிய மூடியை விளிம்பில் உரசும் மரப்பெட்டி ஒன்று. பள்ளிச் சிலேட்டில் குச்சி கிறீச்சிடுவது போல வட்டக் கல்வில்லையில் கட்டையால் கீறுவது இன்னொன்று. கைதேர்ந்தவர்கள் மெல்லிய ரப்பர்ச் சவ்வு கட்டிய லாட வடிவ வில்லையை மேலண்ணத்தில் அழுத்தி ஊதுவார்கள். அப்போது இரு கையும் துப்பாக்கிக்கு மிஞ்சும். புதியவர்கள் ஓயாமல் கூப்பிட்டே காரியத்தைக் கெடுத்துக்கொள்வார்கள்.

நண்பர்களோடு போவதன் லாபம் இங்கேதான் தெரியும். கூப்பிட்ட இடத்துக்குச் சேவல் நேராக வராது. அறுபது எழுபது மீட்டர் தள்ளி நின்று, ‘பெட்டை கண்ணில் படட்டும்’ என்று அடம்பிடிக்கும். ஆகவே சுடுபவர் முன்னால் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார, கூப்பிடுபவர் அவருக்கு முப்பது நாற்பது மீட்டர் பின்னால் இருப்பார். சேவல் தயங்கி நிற்கும் இடம் சுடுபவரின் எல்லைக்குள் வந்துவிடும். சில சமயம் பின்னால் இருப்பவர், பெட்டை சலித்துத் திரும்பிப் போவதுபோல மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே விலகிப் போவார்.

சேவல் வரும் காட்சி தனி. வால் விசிறியாக விரியும்; தாழ்ந்த இறக்கைகளின் நுனி சருகில் உரசும்; தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் மாறி மாறி ஏறும். கூடவே ஒரு சீற்றம், அதையொட்டி நெஞ்சுக்குள்ளிருந்து வரும் ஆழ்ந்த அதிர்வு. இப்படிக் கழுத்தை உள்ளிழுத்துச் சிலிர்த்து நிற்கும்போது சுடக் கூடாது. சிறு ரவைகள் சிதறும் ஷாட்கன்னால் தலையையும் கழுத்தையும்தான் குறிவைக்க வேண்டும். தொலைவு 35 மீட்டருக்குள் இருப்பது நல்லது. பின்னாலிருப்பவர் சுருக்கென்று ஒரு ஒலி கொடுப்பார். என்னவென்று பார்க்கச் சேவல் கழுத்தை நீட்டும். அதுதான் நேரம்.

ஆபத்தும் உண்டு. பெட்டை போலக் கூப்பிடும் ஒரு மனிதரை நோக்கி இன்னொரு மனிதர் துப்பாக்கியோடு பதுங்கி வரக்கூடும். அதனால் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூடக் கொண்டுபோக மாட்டார்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவது முதல் பாடம். வேறொரு வேட்டைக்காரர் கண்ணில் பட்டால் கையசைக்கக் கூடாது, வாய்விட்டுச் சத்தமாகப் பேச வேண்டும். யார் எங்கே இருப்பது, எப்போது எழுவது என்பதை நண்பர்கள் இருட்டிலேயே பேசி முடித்துக்கொள்வது கட்டாயம்.

விடிகாலையில் தோற்றவர்கள் சிற்றுண்டிக்குக் கிளம்பிவிடுவதுண்டு. அது அவசரம். ஒன்பது, பத்து மணிக்குப் பெட்டைகள் முட்டையிடப் போய்விட, தனித்துவிடப்பட்ட சேவல் காலையில் மதிக்காத குரலைத் தேடி வரும். பென்சில்வேனியாவில் பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு வேட்டை முடிந்துவிடுவதால், அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை அனுபவசாலிகள் விடமாட்டார்கள். பெரும்பாலான காலைகளில் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

சேவல் விழுந்தால், பல மாநிலங்களில் அந்த இடத்திலேயே காலில் அடையாள அட்டையைக் கட்டி, போனிலோ இணையத்திலோ வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தூக்கி வரும்போது மற்றவர்கள் உயிருள்ள பறவை என்று சுட்டுவிடாதபடி ஆரஞ்சுத் துணியில் சுற்றுவார்கள். பிறகு காலின் முள்ளை அளப்பார்கள். வெறும் மொட்டாக இருந்தால் ஒரு வயது. ஓர் அங்குலத்தைத் தாண்டினால் மூன்று வயதாவது இருக்கும். நெஞ்சுக்கறியை நீளவாக்கில் நறுக்கி மாவில் புரட்டிப் பொரிப்பது தென் மாநிலங்களின் வழக்கம். ஓடி இறுகிய தொடைக்கறி பல மணி நேரம் சிறு தீயில் கிடந்தால்தான் வேகும்.