சொல்லே முதல் ஆயுதம்

மனிதனை மனிதன் கொல்லத் துணிவது எங்ஙனம்? 1994இல் ருவாண்டாவிலே நூறு நாட்களுள் இலட்சக்கணக்கான துட்சி மக்கள் மாண்டனர். அதற்கு முன்னரே அங்கொரு வானொலி அவர்களைக் 'கரப்பான் பூச்சிகள்' என்று தூற்றி வந்தது. பூச்சியை நசுக்குபவனை மனச்சாட்சி உறுத்துமா?

1975இல் உளவியலாளர் அல்பேட் பண்டுரா ஒரு சோதனை நடத்தினார். முன்பின் அறியாதோரை 'மிருகங்கள்' என ஒருவர் இகழக் கேட்ட மாணவர், அவர்களுக்குக் கடுமையான மின்னதிர்ச்சியைத் தெரிந்தனர். 'நல்லுணர்வுடையோர்' எனக் கேட்டவரோ மென்மையானதையே தெரிந்தனர். அதிர்ச்சி எவருக்கும் உண்மையிற் செலுத்தப்படவில்லை.

ஆகவே, ஓரினத்தைப் பூச்சியென ஒருவன் பழிக்கையில் நான் அதனை வெறும் வசையாகக் கொள்வதில்லை. கொலையின் முதற்படியென்றே அஞ்சுகிறேன். ஆயினும், கையை ஓங்கச் செய்வது சொல்லெனில், தாழ்த்த வல்லதும் சொல்லேயன்றோ?