தாவும் பொம்மையும் புவியீர்ப்பும்

பொத்தானை அழுத்தினால் திரையிலுள்ள பொம்மை ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குத் தாவும். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989-இல் ‘கேம் பாய்’ என்னும் கைக்கருவிக்காக வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ இவ்வகை விளையாட்டு. பழைய பாணி ஆட்டங்களை இன்றைய கைக்கருவிகளில் மீண்டும் அமைக்கும்போது எழும் இரு சிக்கல்களைப் பார்ப்போம்.

முதலாவது, படம். கேம் பாய் திரையில் 160 × 144 புள்ளிகளே இருந்தன. 2021-இல் வந்த ‘அனலாக் பாக்கெட்’ கருவியில் 1600 × 1440 புள்ளிகள். ஆகவே பழைய புள்ளி ஒவ்வொன்றும் சரியாக 100 புள்ளிகளாக விரிகிறது, உருவம் சிதைவதில்லை.

இரண்டாவது, காலம். கேம் பாய் திரை வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்களைக் காட்டியது. இத்தகைய ஆட்டங்களில், படத்துக்குப் படம் பொம்மையின் திசைவேகத்தைச் சிறிதளவு கீழ்நோக்கி மாற்றுவதே ‘புவியீர்ப்பு’. தாவி இறங்க 36 படங்கள் ஆவதாகக் கொள்வோம், அதற்கு 0.6 வினாடி. அதே கணக்கை வினாடிக்கு 120 படங்கள் காட்டும் திரையில் ஓட்டினால், உயரம் மாறாது, காலம் 0.3 வினாடியாகிவிடும். ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தொலைவு, முடுக்கத்தையும் காலத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. தொலைவு மாறாமல் காலம் பாதியானால், முடுக்கம் நான்கு மடங்காகிவிட்டது என்று பொருள். ஆடுபவரின் விரல் இதற்கு ஈடுகொடுக்குமா?

எனவே கணக்கிடுவதையும் படம் வரைவதையும் பிரித்துவிடுகிறார்கள். கணக்கு, கடிகாரப்படி வினாடிக்கு 60 முறை நடக்கும். இடைப்பட்ட நிலைகளை மதிப்பிட்டுத் திரை தன் வேகத்தில் காட்டும். திரை எதுவாயினும் தாவல் 0.6 வினாடியே நீடிக்கும்.