நிலத்தடி மீன் கூறும் பழங்கதை

கோலார் தங்கவயலில் நம்மவர் 3 கிலோமீட்டர் ஆழத்திற்கும் கீழே இறங்கிப் பொன் அகழ்ந்தனர். 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பெற்றன. மண்ணுக்கடியில் பொன் மட்டுமன்று, உயிர்க்குலங்களின் பழங்கதையும் உண்டு என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று கிடைத்துள்ளது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், நிலத்தடி நீரில் வாழும் விந்தை மீனொன்று 2018இல் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் ‘ஈனிக்மசன்னா’ எனப் பெயர் பெற்ற அது, நாம் உண்ணும் விராலின் இனமென்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் காற்றைச் சுவாசிக்க விராலுக்குள்ள தனியுறுப்பு அதற்கு இல்லை.

உறவின் தொலைவை எங்ஙனம் அளப்பது? மரபணுவில் தலைமுறைதோறும் சிறு மாற்றங்கள் சேர்கின்றன. இரு மீன்களிடையே அவ்வேற்றுமை மிகுந்தால், அவை பிரிந்த காலமும் தொன்மையானது. வயது அறியப்பட்ட புதைபடிவங்களைக் கொண்டு அக்கணக்கைச் சீர்செய்வர். இம்முறையில் ஆராய்ந்தபோது, இருகுலமும் குறைந்தது 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்தமை புலனாயிற்று. பிரிவு 10 கோடி ஆண்டுப் பழமையுடையதாகவும் இருக்கலாம். ஆகவே 2020இல் அது தனிக் குடும்பமாக வகுக்கப்பட்டது.

அக்குடும்பத்து மீன்கள் கேரளத்திலன்றி வேறெங்கும் இதுவரை அறியப்படவில்லை. அங்கு நிலத்தடி நீர் வற்றினாலோ நஞ்சானாலோ ஒரு தொல்குலமே அற்றுப்போகும். பொன் தீர்ந்தால் வேறு பிழைப்பைத் தேடலாம். அற்றுப்போன குலத்தை எங்கே தேடுவோம்?