புள்ளிப்பட்டியலும் பூவா தலையாவும்

மூன்றாம் ஆண்டு, கணிதத் துறை

மே மாதம் பிறந்துவிட்டால் ராஜபாளையத்துத் தேநீர்க் கடைகளில் அரசியல் பேச்சு அடங்கிவிடும். ஐ.பி.எல். கிரிக்கெட்டின் லீக் ஆட்டங்கள் முடியும் தறுவாயில் இருக்கும். எந்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும், எந்த அணி மூட்டை கட்டும் என்பதே பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறி ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் நான்கு சோதிடர்களையாவது சந்தித்துவிடலாம். அவர்கள் கையில் ஏடு இல்லை, செய்தித்தாளின் புள்ளிப்பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தக் கணக்கில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. என் பெரியப்பா மகன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். 2022ஆம் ஆண்டு மே மாதம், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, கைபேசியில் பந்தயம் கட்டும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. மே 19 அன்று குஜராத் அணியும் பெங்களூரு அணியும் மோதின. குஜராத் பட்டியலில் முதலிடத்தை உறுதி செய்துகொண்ட அணி. வென்றாலும் தோற்றாலும் அதற்கு ஒன்றுதான். பெங்களூருக்கோ தோற்றால் வீடு. “தேவை உள்ளவன்தான்டா ஜெயிப்பான்” என்றார் அண்ணன். பெங்களூரு எட்டு விக்கெட்டில் வென்றது. அண்ணனுக்குச் சில நூறு ரூபாய் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து, மே 21 அன்று டெல்லியும் மும்பையும் ஆடின. டெல்லி வென்றால் அடுத்த சுற்று. மும்பை பட்டியலின் கடைசியில் கிடந்த அணி. 13 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. தேவையும் டெல்லிப் பக்கம், பட்டியலும் டெல்லிப் பக்கம். அண்ணன் ஒரு மாதச் சம்பளத்தை டெல்லி மேல் கட்டினார். அந்தப் பணம் அவர் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்தது. டெல்லி 159 ஓட்டங்கள் எடுத்தது. மும்பை ஐந்து பந்துகள் மீதமிருக்க 160ஐ எட்டியது. மறுவாரம் பெரியம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று.

அன்று இரவு அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது: “நான் என்னடா தப்பாக் கணக்குப் போட்டேன்?” அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. நம் கல்லூரியில் நிகழ்தகவுப் பாடம் படித்த பிறகே அந்தக் கேள்விக்குத் திரும்பினேன்.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். பத்து அணிகளுக்கும் திறமையில் எள்ளளவும் வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் பூவா தலையா போட்டுத் தீர்மானிப்போம். ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். சராசரியாக ஏழு வெற்றி வரவேண்டும். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் அப்படியே ஏழு வருமா? வராது. 14 முறை காசைச் சுண்டினால் பத்தோ அதற்கு மேலோ பூ விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது. நான்கோ அதற்குக் கீழோ விழுவதற்கும் அதே ஒன்பதுதான். ஆக, பத்து அணிகளில் ஏறக்குறைய ஓர் அணி பத்து வெற்றியுடன் மேலே நிற்கும். ஓர் அணி நான்கு வெற்றியுடன் கீழே கிடக்கும். மேலே உள்ளதைச் சிங்கம் என்போம், கீழே உள்ளதைக் கழுதை என்போம். இரண்டும் ஒரே காசுதான்!

இனி 2022இன் உண்மையான பட்டியலைப் பாருங்கள். வெற்றிகள் வரிசையாக: குஜராத் 10, ராஜஸ்தான் 9, லக்னோ 9, பெங்களூரு 8, டெல்லி 7, பஞ்சாப் 7, கொல்கத்தா 6, ஹைதராபாத் 6, சென்னை 4, மும்பை 4. சராசரியான ஏழிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, அதை வர்க்கம் செய்து, கூட்டிப் பத்தால் வகுத்தால் 3.8 வருகிறது. புள்ளியியலார் இதை விலக்க வர்க்கச் சராசரி என்பர். வெறுங்காசைச் சுண்டினால் என்ன வரவேண்டும்? 14ஐ நான்கால் வகுக்க 3.5. இந்த விடை வந்த அன்று தவறு செய்துவிட்டேனோ என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 3.8க்கும் 3.5க்கும் உள்ள வேறுபாடு ஒன்றுமே இல்லை எனலாம்.

அணிகளுக்குள் திறமை வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வேறுபாடு இருக்கலாம்; ஆனால் 14 ஆட்டங்களின் பட்டியலைக் கொண்டு அதை அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதே பொருள். ஏலமும் சம்பள உச்சவரம்பும் வைத்து அணிகளைச் சமப்படுத்துவதே ஐ.பி.எல். ஏற்பாடு என்பதை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பு குறையும். சாட்சி வேண்டுமா? 2022இல் நான்கு வெற்றியோடு அடியில் கிடந்த சென்னை அணிதான் 2023இல் கோப்பையை வென்றது.

இதை அண்ணனுக்கு விளக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. அவர் தொழிலே அதுதான். நூற்பாலையில் நூலின் கவுண்ட் பார்க்கும்போது 120 கெஜம் நூலைச் சுற்றி எடை போடுவார்கள். ஒரே ஒரு பாபினை எடுத்து எடை போட்டுவிட்டு “இந்த இயந்திரம் கெட்டுவிட்டது” என்று யாரும் சொல்வதில்லை. பல பாபின்களை எடுப்பார்கள். சராசரியும் காண்பார்கள், எவ்வளவு ஏறி இறங்குகிறது என்றும் காண்பார்கள். “ஒரு பாபினை நம்பாத நீங்கள், 13 ஆட்டத்தை எப்படி நம்பினீர்கள்?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “நூலுக்கு ரசிகன் கிடையாதே தம்பி” என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

எல்லா விளையாட்டும் இப்படியா என்று கேட்கலாம். இல்லை. அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொள்வோம். அது காலால் ஆடும் பந்து மட்டுமன்று, கையில் ஏந்தி ஓடி, எறிந்து ஆடும் ஆட்டம். அங்கு 32 அணிகள். 2021 முதல் ஓர் அணிக்குப் பருவத்துக்கு 17 ஆட்டங்கள், அதற்கு முன் 16. அங்கே பட்டியல் காசு விழுவதைவிட அகலமாக விரிந்து கிடக்கும். 2007இல் நியூ இங்கிலாந்து அணி பதினாறையும் வென்றது. 2008இல் டெட்ராய்ட்டும் 2017இல் கிளீவ்லாந்தும் பதினாறையும் தோற்றன. ஒரு காசு 16 முறையும் பூவாகவே விழ வாய்ப்பு 65,536இல் ஒன்று. ஆகவே அங்கே பட்டியல் பேசுவதில் உண்மை அதிகம். ஆனால் பருவத்தின் கடைசி வாரங்களில் வேறொரு சிக்கல் புகுந்துகொள்கிறது. 2009இல் இண்டியானாபொலிஸ் அணி முதல் 14 ஆட்டங்களையும் வென்று முதலிடத்தை உறுதி செய்துகொண்டது. டிசம்பர் 27 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியுடன் ஆடும்போது 15க்கு 10 என்று முன்னிலையில் இருந்த நிலையிலேயே, காயம் படக்கூடாதென்று தன் தலைமை ஆட்டக்காரர் பெய்ட்டன் மானிங்கை வெளியே அழைத்துக்கொண்டது; 29க்கு 15 என்று தோற்றது. பட்டியலை நம்பியவன் அன்று ஏமாந்தான். பட்டியலில் இருந்த அணி வேறு, களத்தில் நின்ற அணி வேறு.

அப்படியானால் அண்ணனின் ‘தேவை’க் கொள்கை சரிதானே என்று தோன்றும். 2022இன் கடைசி ஏழு லீக் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் மேலே நின்ற அணியே வெல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஏழில் ஐந்து சரியாகும். தவறிய இரண்டும் எவை தெரியுமா? குஜராத்–பெங்களூரு, டெல்லி–மும்பை. முதலாவதில் தேவை உள்ள அணி வென்றது. இரண்டாவதில் தேவையே இல்லாத அணி வென்றது. ஒன்று கொள்கைக்குச் சாதகம், மற்றொன்று பாதகம். தேவை என்பது இரு முனையும் தீட்டிய கத்தி. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் கை நடுங்காது அல்லவா? தேவை உள்ளவன் வென்றால் அதைக் காரணமாகச் சொல்வோம். தோற்றால் பதற்றம் என்போம். எந்த முடிவு வந்தாலும் பொருந்துகிற காரணம் முன்கூட்டிச் சொல்ல உதவாது.

அன்று டெல்லி தோற்றதன் உடனடிக் காரணம் இன்னும் சிறியது. மும்பையின் டிம் டேவிட் சந்தித்த முதல் பந்தே மட்டையில் உரசி விக்கெட் காப்பாளர் ரிஷப் பந்த்தின் கைக்குப் போனது. நடுவர் விரலை உயர்த்தவில்லை. பந்த் மறுபரிசீலனையும் கேட்கவில்லை. தப்பிய டேவிட் 11 பந்துகளில் 34 ஓட்டங்கள் குவித்தார். இதை எந்தப் பட்டியலில் போய்ப் பார்ப்பது?

சரி, கணக்கு எப்படித்தான் போட்டிருக்க வேண்டும்? நான் கண்ட எளிய வழி இது. ஒவ்வோர் அணியின் கணக்கிலும் பத்துப் பொய் ஆட்டங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. அதிர்ஷ்டம் ஊதிய பலூனிலிருந்து காற்றைக் கொஞ்சம் இறக்கும் வேலை இது. பத்துக்குப் பதில் எட்டோ பன்னிரண்டோ வைத்தாலும் குடி முழுகிப் போகாது. டெல்லி அப்போது ஏழு வெற்றி, ஆறு தோல்வி. கூட்டினால் 12, 11. மும்பை மூன்று வெற்றி, பத்துத் தோல்வி. கூட்டினால் 8, 15. டெல்லியின் வெற்றியை மும்பையின் தோல்வியால் பெருக்க 180. டெல்லியின் தோல்வியை மும்பையின் வெற்றியால் பெருக்க 88. ஆகவே 268 பங்கில் 180 பங்கு டெல்லிக்கு, அதாவது 67 சதவீதம். பொய் ஆட்டங்களைச் சேர்க்காமல் இதே கணக்கைப் போட்டால் 80 சதவீதம் வரும். அண்ணன் மனத்தில் இருந்தது அந்த எண்பதுதான். உண்மையில் அவர் அதை நூறாகவே எண்ணிவிட்டார்.

இதே வழியில் குஜராத்துக்கு 63 சதவீதம் வருகிறது. பெங்களூரு அடுத்த சுற்றுக்குப் போக இரண்டும் கவிழ வேண்டியிருந்தது: 37ஐ 33ஆல் பெருக்கினால் நூற்றுக்குப் பன்னிரண்டு. எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று என்பது அதிசயம் அன்று. வாரத்துக்கு ஒருமுறை நம் பேருந்து பழுதாகி வழியில் நிற்பதைப் போன்றதுதான்.

பந்தயத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. அண்ணனுக்கு அன்று நூறு ரூபாய்க்கு நாற்பத்தைந்து ரூபாய்தான் லாபமாக வரவிருந்தது. கட்டிய பணம் கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமானால் நூறை 145ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 69 சதவீத அளவுக்கு, டெல்லி வெல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும். என் கணக்கில் 67. கடை நடத்துபவன் அந்த இரண்டு சதவீதத்தில்தான் பிழைக்கிறான். அமெரிக்காவிலும் வழக்கமான பந்தயத்தில் 110 கட்டினால்தான் 100 வரும். நூற்றுக்கு 52க்கு மேல் சரியாகச் சொன்னாலன்றி அங்கே முதலும் மிஞ்சாது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. எங்கள் வீட்டுக்கு அது மூன்று ஆண்டுகள் தாமதம்.

பந்தயத்தை அண்ணன் விட்டுவிட்டார். சொல்லிப் பார்ப்பதை விடவில்லை. பணத்துக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம். ஆட்டத்துக்கு முன் சதவீதத்தை எழுத வேண்டும். முடிந்தபின் பிழையின் வர்க்கத்தைக் குறிக்க வேண்டும். மழை முன்னறிவிப்பின் தரத்தைச் சோதிக்க கிளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950இல் சொன்ன முறை இது. 80 என்று சொல்லி நடக்காவிட்டால் 0.64, 67 என்று சொல்லி நடக்காவிட்டால் 0.45, எதற்கும் ஐம்பதே என்று சொல்பவனுக்கு எப்போதும் 0.25. ஆண்டு முடிவில் குறைந்த சராசரி உள்ளவர் வென்றார். தோற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கித் தர வேண்டும்.

2024 மே 18 இரவு நாங்கள் இருவரும் அவர் வீட்டில் இருந்தோம். முதல் எட்டு ஆட்டங்களில் ஏழைத் தோற்று, எல்லாரும் கைகழுவிய பிறகு அடுத்த ஐந்தையும் வென்றிருந்த பெங்களூரு, சென்னையுடன் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தை வெல்லச் சென்னைக்கு 219 தேவை. ஆனால் 201 எடுத்தாலே நிகர ஓட்ட விகிதத்தில் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். கடைசி ஓவரில் 17 ஓட்டங்கள் வேண்டும். தோனியும் ஜடேஜாவும் களத்தில். “எத்தனை?” என்றார் அண்ணன். “நீங்களே எழுதுங்கள்” என்றேன். முப்பது என்று எழுதினார்.

யஷ் தயாள் வீசிய முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார். அண்ணன் துள்ளி எழுந்து முப்பதை அடித்து எழுபது என்று எழுதப் போனார். எழுதியதைத் திருத்தக் கூடாது என்பது எங்கள் விதி, பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அடுத்த பந்தில் தோனி ஆட்டமிழந்தார். எஞ்சிய நான்கு பந்துகளில் ஓர் ஓட்டம்தான் வந்தது. சென்னை 191. அண்ணன் சென்னை ரசிகர்; பத்து நிமிடம் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கையை நீட்டிப் பேனாவைத் திரும்ப வாங்கி, முப்பதுக்கு எதிரே 0.09 என்று குறித்தார்.