கணித மாநாடுகள் எதற்காக?

மாநாடு என்றதும் பந்தலும் கொடியும் ஒலிபெருக்கியும் நம் நினைவுக்கு வரும். கணித அறிஞர்களும் ஆண்டுதோறும் உலகின் பல பாகங்களில் மாநாடு கூட்டுகிறார்கள் என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். கணக்கு என்பது தாளும் எழுதுகோலுமாகத் தனியே அமர்ந்து செய்வதுதானே? அதற்குக் கூட்டம் எதற்கு? கூடியவர்கள் ஒரு வாரம் முழுவதும் என்னதான் பேசுவார்கள்?

இவ்வினாக்களுக்கு விடை காண, கணிதத்தின் பல பிரிவுகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் பரிமாற்று இயற்கணிதம். நம் மாணவியரும் பெற்றோரும் இப்பிரிவை அறிய வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. இதற்கு அடித்தளம் இட்டவர்களுள் தலைசிறந்தவர் ஒரு பெண்மணி. இதனோடு தொடர்புடைய புகழ்பெற்ற ஒரு கேள்வியில் முத்திரை பதித்தவர்களுள் சென்னையில் கல்வி பயின்ற ஒரு பெண்மணியும் இருக்கிறார்.

பரிமாற்று இயற்கணிதம் என்பது யாது?

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை 15. இதனைப் பரிமாற்றுப் பண்பு என்று கீழ் வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். எல்லாச் செயல்களுக்கும் இப்பண்பு கிடையாது. முதலில் காலுறை, பிறகு காலணி; வரிசையை மாற்றிப் பாருங்கள், பள்ளிக்கு வந்து சேர முடியாது! மேல் வகுப்பு மாணவியர் அணிகளைப் பெருக்கும்போது வரிசை மாறினால் விடையும் மாறக் கண்டிருப்பர்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் தடையின்றி நடைபெறும் ஒரு தொகுதியைக் கணித அறிஞர் வளையம் என்பர். முழு எண்கள் ஒரு வளையம். பல்லுறுப்புக் கோவைகள் மற்றொரு வளையம். பெருக்கலில் பரிமாற்றுப் பண்பு உடைய வளையங்களை ஆராய்வதே பரிமாற்று இயற்கணிதம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 60-இன் மடங்குகள் அனைத்தும் 30-இன் மடங்குகளுக்குள் அடங்கும். அவை 15-இன் மடங்குகளுக்குள்ளும், அவை 5-இன் மடங்குகளுக்குள்ளும் அடங்கும். இறுதியில் 1-இன் மடங்குகள், அதாவது எல்லா முழு எண்களும் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஏற இடமில்லை. முழு எண்களில் இத்தகைய ஏணியை எங்கே தொடங்கினாலும் சில படிகளில் அது முடிந்தே தீரும். மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த உண்மை எத்தனை ஆற்றல் மிக்கது என்பதை 1921-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கியவர் எம்மி நோதர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. எந்த வளையத்தில் இவ்வகை ஏணிகள் எல்லாம் முடிவு பெறுகின்றனவோ, அது இன்று அவர் பெயராலேயே நோதர் வளையம் என வழங்குகிறது.

மாநாடும் பயிலரங்கும்

மாநாட்டில் பலர் கூடுவர். ஒவ்வொருவராகத் தாம் கண்ட முடிவுகளை உரையாகக் கூறுவர். பயிலரங்கில் கூடுவோர் சிலரே. அங்கே உரைகள் குறைவு, உழைப்பு அதிகம். சிறு சிறு குழுக்களாகக் கரும்பலகை முன் நின்று, இன்னும் விடை காணப்படாத கேள்விகளை ஆராய்வார்கள்.

ஜெர்மனியின் கறுங்காட்டுப் பகுதியில் ஓபர்வோல்பாக் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1944-இல் தோன்றிய கணித நிலையத்திற்குப் பல நாட்டு அறிஞர்கள் ஒரு வார காலம் தங்கி ஆராய வருகிறார்கள். அங்கே ஓர் அழகிய வழக்கம். உணவு மேசைகளில் ஒவ்வொருவர் பெயரும் எழுதிய கைத்துணி உறைகளைக் கலைத்துப் போட்டு வைப்பார்கள். உங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நீங்கள் உண்ண வேண்டும். அதனால் முதிர்ந்த பேராசிரியரின் அருகில் இளம் ஆராய்ச்சி மாணவி அமர நேரிடும். உரையரங்கில் கேட்கத் தயங்கிய ஐயத்தைச் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிடலாம் அன்றோ? புதன்கிழமை பிற்பகலில் எல்லாரும் மலைப்பாதையில் நடந்து செல்வார்கள். நடையின்போதும் பேச்சு கணிதம்தான்.

கனடாவின் மலைநகரான பான்ஃபில் 2003 முதல் இத்தகைய நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் குன்றின் மேலுள்ள கணித ஆராய்ச்சி நிலையம், பரிமாற்று இயற்கணிதத்திற்கென்றே 2012–13-ஆம் கல்வியாண்டு முழுவதையும், பின்னர் 2024-இன் முற்பகுதியையும் ஒதுக்கியது.

ஒரு கேள்வியின் பயணம்

இவ்வாறு கூடுவதால் விளையும் பயன் என்ன? ஒரு கேள்வி ஊர் விட்டு ஊர் சென்ற கதையைக் கூறினால் விளங்கும்.

3, 5 என்ற இரு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லை. 3, 5 என்பதை முதல் வரிசையாகவும் 1, 2 என்பதை இரண்டாம் வரிசையாகவும் கொண்டு ஓர் அணி எழுதினால், அணிக்கோவையின் மதிப்பு 6 கழித்தல் 5, அதாவது 1. எண்களுக்குப் பதிலாகப் பல மாறிகளைக் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளை எடுப்போம். அவற்றைத் தக்க கோவைகளால் பெருக்கிக் கூட்டினால் 1 கிடைக்கிறது என்றும் கொள்வோம். அவ்வரிசையையே முதல் வரிசையாக வைத்து, அணிக்கோவையின் மதிப்பு 1 ஆகும் சதுர அணியை எப்போதும் எழுத இயலுமா? வரிசையில் இரண்டு உறுப்புகள் மட்டும் இருந்தால் எளிது. மூன்றோ அதற்கு மேலோ ஆனால் மிகக் கடினம். பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் செர் 1955-இல் எழுப்பிய ஒரு கேள்வியின் எளிய வடிவம் இதுவே.

அக்கேள்வி பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அயல்நாட்டு அறிஞர்களை அழைத்து, இளைஞர்களுக்குத் தொடர் உரைகள் நிகழ்த்தச் செய்வதை வழக்கமாகக் கொண்டிருந்தது. 1956 முதல் அனைத்துலகக் கருத்தரங்குகளையும் கூட்டியது. அந்நிலையத்தில் 1953-இல் சேர்ந்த காஞ்சிபுரத்து இளைஞர் சி. எஸ். சேஷாத்ரி, கோவைகளில் இரண்டு மாறிகள் மட்டும் உள்ள நிலைக்கு 1958-இல் விடை கண்டு வெளியிட்டார்: "இயலும்." அவர் சென்னை இலயோலா கல்லூரியில் படித்தவர். பிரான்சிலிருந்து வந்து அங்கே கணிதம் கற்பித்த இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன் அடிகளார், ஆர்வமுள்ள மாணவர்களைப் பம்பாய் நிலையத்திற்குச் செல்லுமாறு ஊக்கியவர். நல்லாசிரியர் ஒருவர் காட்டிய வழி எத்துணைத் தொலைவுக்குச் செல்கிறது, பாருங்கள்!

எத்தனை மாறிகள் இருந்தாலும் விடை "இயலும்" என்பதை 1976-இல் அமெரிக்காவில் குவில்லனும் சோவியத் நாட்டில் சுஸ்லினும் தனித்தனியே நிறுவினர். அதே 1976-இல் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. இக்கேள்வியையே சற்று மாற்றி, இருபடி வடிவங்களைப் பற்றிக் கேட்டால் விடை "எப்போதும் இயலும் என்பதில்லை" என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டினார் இராமன் பரிமளா. 1948-இல் பிறந்த இவர், சென்னை சாரதா வித்யாலயாவிலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பயின்று, பம்பாய் டாட்டா நிலையத்தில் ஆராய்ச்சி செய்தவர்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் அனைத்துலகக் கணிதப் பேரவையே கணித மாநாடுகளுள் பெரியது. அதன் முழு அவையின் முன் உரையாற்ற அழைக்கப்படுவது பெரும் பேறு. 1932-இல் சூரிக் நகரில் கூடிய பேரவையில் அப்பேற்றைப் பெற்ற முதற் பெண்மணி எம்மி நோதர். அவர் உரையின் தலைப்பிலேயே பரிமாற்று இயற்கணிதம் என்ற சொல் இடம் பெற்றிருந்தது.

அந்த மேடையை அடைய அவர் பட்ட பாடு சிறிதன்று. முதலில் பெண்கள் பள்ளிகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பிக்கும் தகுதியையே அவர் பெற்றார். பின்னர்க் கணிதத்தில் ஈடுபட்டு 1907-இல் முனைவர் பட்டம் பெற்றும், எர்லாங்கனில் ஊதியமின்றியே பல ஆண்டுகள் உழைத்தார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண்ணுக்கு விரிவுரையாளர் தகுதி தர மறுத்தபோது, பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை அவர் நடத்தினார். 1919-இல்தான் அத்தகுதி கிடைத்தது. யூதர் என்ற காரணத்தால் 1933-இல் நாஜி அரசு அவரைப் பணியிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் பிரின் மார் மகளிர் கல்லூரி அவருக்கு இடமளித்தது. 1935-இல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் அதே பேரவையின் முழு அவையில் ஒரு பெண் பேசியது 1990-இல், ஜப்பானின் கியோட்டோ நகரில். பேசியவர் அமெரிக்கக் கணித அறிஞர் காரென் உலென்பெக். இடையில் 58 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் பெண்களுக்கு அறிவு குன்றியிருந்தது என்று யாரேனும் கூறுவரோ? அழைப்புத்தான் குன்றியிருந்தது. 1994-இல் அதே சூரிக் நகரில் கூடிய பேரவையில் உரை நிகழ்த்த அழைக்கப்பட்டோருள் நம் பரிமளா அம்மையாரும் ஒருவர். 2010-இல் ஐதராபாத்தில் பேரவை கூடியபோது முழு அவையின் முன்பும் அவர் உரையாற்றினார்.

இக்குறையை உணர்ந்தே, பரிமாற்று இயற்கணிதத்தில் ஈடுபட்ட பெண்களுக்கென 2019 அக்டோபரில் பான்ஃபில் ஒரு பயிலரங்கு கூட்டப்பட்டது. அனுபவம் மிக்கவர் வழிகாட்ட, இளையவர் குழுக்களாகச் சேர்ந்து உழைத்தனர். அதன் பயனாக 2021-இல் ஒரு நூலும் வெளிவந்தது.

இதனால் உலகுக்கு என்ன பயன்?

கடைகளில் காணும் கட்டம் கட்டமான கியூஆர் குறியின் ஒரு பகுதி கிழிந்தாலும் கைப்பேசி அதைப் படித்துவிடுகிறது. எப்படி? 2, 3 என்ற இரு எண்களை அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். அவற்றை அப்படியே அனுப்பாமல், 2x + 3 என்ற கோவையில் x-க்கு 1 முதல் 5 வரை இட்டு, 5, 7, 9, 11, 13 என அனுப்புகிறோம். வழியில் ஒன்று கெட்டு 5, 7, 4, 11, 13 என்று போய்ச் சேர்கிறது. வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். நான்கு புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். பிழையானது மட்டும் விலகி நிற்கும். கோட்டைக் கண்டால் 2-உம் 3-உம் மீண்டும் கிடைத்துவிடும். இக்கருத்தின் விரிவை 1960-இல் ரீட், சாலமன் என்னும் இருவர் வெளியிட்டனர். 1986-இல் யுரேனஸ் கோளை நெருங்கிய வாயேஜர் 2 விண்கலம் படங்களை அனுப்பியதும் இம்முறையின் துணையோடுதான்.

இன்றைய பயிலரங்குகளில் கணிப்பொறிக்கும் இடம் உண்டு. பல்லுறுப்புக் கோவைகளைக் கையாளும் ஒரு முறையை 1965-இல் புக்பெர்கர் தம் ஆய்வில் கண்டு, அதன் அடிப்படைக்குத் தம் ஆசிரியர் குரோப்னரின் பெயரைச் சூட்டினார். இத்துறையில் பெரிதும் பயன்படும் 'மெக்காலே 2' என்னும் கணிப்பொறி நிரலோ, இலண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இத்துறையை வளர்த்த மெக்காலேயின் பெயரைத் தாங்கியது. பள்ளி ஆசிரியரை உலகம் மறப்பதில்லை!

மாணவியருக்கும் பெற்றோருக்கும்

இவை எல்லாம் எட்டாத உயரம் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலேயே ஏணிப்படிகள் உள்ளன. கல்லூரியில் கணிதம் பயிலும் மாணவ மாணவியருக்காக 1993-இல் தொடங்கப்பட்ட கணிதப் பயிற்சி, திறன் தேடல் திட்டம் கோடை விடுமுறையில் முகாம்களை நடத்தி வருகிறது. அதற்கு மேல் ஆராய்ச்சி மாணவர்களுக்கான பயிற்சிப் பள்ளிகளும் உண்டு. ஓபர்வோல்பாக், பான்ஃப் போன்ற இடங்களிலோ, அழைக்கப்பட்டோருக்கு உணவையும் தங்குமிடத்தையும் நிலையமே தருகிறது.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் ஒருநாள், "அம்மா, கணிதப் பயிலரங்குக்கு அழைத்திருக்கிறார்கள், ஒரு வாரம் வெளியூரில் தங்க வேண்டும்" என்று கேட்டால், உடனே மறுத்துவிடாதீர்கள். எங்கே, யார் நடத்துகிறார்கள், உடன் வருவோர் யார் என்று விசாரியுங்கள். மனநிறைவு ஏற்பட்டால் வாழ்த்தி அனுப்புங்கள். அந்த ஒரு வாரத்தில் அவள் சந்திக்கும் கேள்வி அவள் வாழ்நாள் முழுமைக்கும் துணை வரலாம்.

2026-ஆம் ஆண்டின் பேரவைக்கு ஜூலை 23 முதல் 30 வரை என நாளும், அமெரிக்காவின் பிலடெல்பியா என நகரும் குறிக்கப்பட்டன. அந்நகரின் அருகிலேதான் பிரின் மார் உள்ளது. அக்கல்லூரி நூலகத்தின் முற்றத்து நடைபாதையின் கீழ் எம்மி நோதரின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இனி வரும் பேரவைகளில் ஒன்றிலேனும் நம் பள்ளி மாணவி ஒருத்தி உரையாற்ற எழுந்து நிற்க வேண்டும் என்பதே நம் ஆவல். அதற்கு முதற்படி எளிது. நாளைய கணித வகுப்பில் விளங்காத ஒன்றை, வெட்கப்படாமல், எழுந்து கேளுங்கள்!